தலையில் அடிபட்டால் பிள்ளை நம்மிடம் சொல்ல வேண்டும்: சியாட்டில் ஈஸ்ட்சைட் தமிழ்ப் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பெல்வியூ, ரெட்மண்ட், சமாமிஷ், இசாக்வா பக்கம் பள்ளி அணிகளில் விளையாடும் நம் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். போன செப்டம்பரில் சாக்கர் பிராக்டிஸின்போது என் மகளுக்குத் தலையில் அடிபட்டது. அவள் அதை என்னிடம் சொல்ல மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளுக்குக் காரணம் நான்.

ஒரே பந்துக்கு இரண்டு பேர் எகிறியதில் தலையோடு தலை மோதியிருக்கிறது. மயக்கம் இல்லை, ரத்தம் இல்லை, வீக்கம்கூட இல்லை. எழுந்து ஓடிவிட்டாள். கோச் கண்ணில் படவில்லை. அது வியாழக்கிழமை. வெள்ளி இரவு சாப்பிட உட்கார்ந்ததும் தலைக்கு மேலிருந்த லைட்டை அணைக்கச் சொன்னாள். சனிக்கிழமை ஃப்ரிட்ஜைத் திறந்தவள், எதற்குத் திறந்தோம் என்றே தெரியாமல் நின்றாள். ராத்திரி முழுக்க போனைப் பார்த்தால் இப்படித்தான் ஆகும் என்று திட்டினேன். ஞாயிறன்று தமிழ்ப் பள்ளியில் பாடத்தை வாசிக்கச் சொன்னபோது இரண்டாவது வரியில் நின்றுவிட்டாளாம். "எழுத்தெல்லாம் ஆடுது டீச்சர்." அந்த ஆசிரியைதான் என்னைத் தனியே கூப்பிட்டு, "தலையில எங்கயாவது அடிபட்டுச்சான்னு கேளுங்க" என்றார்.

காரில் வைத்துக் கேட்டேன். அழுதாள். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "சொன்னா சாக்கரையே நிறுத்திடுவீங்க. 'அப்பவே சொன்னேன்ல, இதெல்லாம் நமக்கு எதுக்கு'ன்னு ஆரம்பிப்பீங்க" என்றாள். வார்த்தை மாறாமல் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கன்கஷன் என்பது மூளை அதிர்ச்சி. மண்டை ஓட்டுக்குள் மூளை குலுங்குவதால் வருவது. பெரும்பாலும் மயக்கம் வராது. அறிகுறிகள் சில மணி நேரம், சில சமயம் ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூடத் தலைகாட்டும். 2020 டிசம்பரில் நம்ம நடராஜன் முதன்முதலாக இந்தியாவுக்காக டி20 ஆடிய கான்பெரா மேட்ச் நினைவிருக்கிறதா? கடைசி ஓவரில் ஸ்டார்க் போட்ட பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. அதற்குப் பிறகும் நின்று ஆடி 44 ரன்னுடன் நாட் அவுட்டாகத் திரும்பினார். டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போன பிறகுதான் தலைசுற்றல். அவருக்குப் பதில் சாஹல் இறங்கினார். இந்திய அணிக்கே உடனே தெரியாதபோது, பதினைந்து வயதுப் பெண் "ஒண்ணுமில்லம்மா" என்பதை நம்பி எப்படி உட்கார்ந்திருப்பது?

இன்று அமெரிக்கா முழுக்க இருக்கும் கன்கஷன் சட்டங்களுக்கு வழிகாட்டியது நம் பக்கத்து ஊரில் நடந்த சம்பவம்தான். நம் வீடுகளிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் மேப்பிள் வேலியில், 2006 அக்டோபரில், சாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன் பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் மேட்சில் கீழே விழுந்து தலையில் அடிபட்டான். கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு, மறுபாதியில் மீண்டும் இறங்கி ஆடினான். மேட்ச் முடிந்ததும் சரிந்து விழுந்தான். மூளையில் ரத்தக்கசிவு. ஹெலிகாப்டரில் சியாட்டில் ஹார்பர்வியூ மருத்துவமனைக்குக் கொண்டுபோய் மண்டை ஓட்டின் இரு பக்கத்தையும் திறந்து உயிரைக் காப்பாற்றினார்கள். முதல் வார்த்தை பேச அவனுக்கு ஒன்பது மாதம் ஆனது. அவன் குடும்பம் விடாமல் போராடியதால் 2009 மே மாதம் வாஷிங்டன் மாநிலம் அவன் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது. 2014-க்குள் 50 மாநிலங்களிலும் இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது.

சட்டம் சொல்வது எளிது. சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே உட்கார வைக்க வேண்டும். கன்கஷன் பற்றிப் பயிற்சி பெற்ற மருத்துவத் துறையினர் எழுத்தில் அனுமதி தராமல் திரும்ப இறக்கக் கூடாது. ஒவ்வொரு வருடமும் பெற்றோரும் பிள்ளையும் கன்கஷன் பற்றிய விவரத் தாளைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளை ஆன்லைனில் படிக்காமலே டிக் செய்து அனுப்பியவள் நான். சட்டம் கோச்சைக் கட்டுப்படுத்தும். வீட்டில் வாய் திறக்கப் பயப்படும் பிள்ளைக்கு அதனால் என்ன செய்ய முடியும்?

அடுத்த தவறையும் சொல்லிவிடுகிறேன். இது நம்மவர்களுக்கென்றே உள்ள தவறு. டாக்டர் இரண்டு நாள் ஓய்வு என்றதும் சாக்கரை நிறுத்தினேன். ஆனால் ஆல்ஜீப்ரா டெஸ்ட் இருக்கிறதே என்று புத்தகத்தோடு உட்கார வைத்தேன். அன்று மாலை தலைவலி தாங்காமல் வாந்தி எடுத்தாள். அடிபட்டது மூளைக்கு. காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மூளையை வேலை வாங்கினால் எப்படிச் சரியாகும்? விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் பள்ளியின் அத்லெட்டிக் ட்ரெய்னர்தான் புரிய வைத்தார்: முதலில் வகுப்புக்கு முழுசாகத் திரும்ப வேண்டும், மேட்ச் அப்புறம்தான்.

முதல் ஒன்றிரண்டு நாள் இருட்டறையில் பூட்டி வைக்கவும் வேண்டாம். அது பழைய முறை. ஸ்க்ரீனைக் குறைத்து, வீட்டைச் சுற்றி மெல்ல நடக்கவிடலாம். பிறகு அரை நாள் பள்ளி, டெஸ்ட்டுக்குக் கூடுதல் நேரம், லேப்டாப்புக்குப் பதில் அச்சிட்ட தாள் என்று பள்ளிக் கவுன்சலரிடம் கேளுங்கள். சலுகை கேட்டால் டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரிக்கு அனுப்பும் மதிப்பெண் பட்டியலில்) ஏறிவிடுமோ என்று ஒரு தோழி என்னிடம் கேட்டார். ஏறாது. விளையாட்டுக்குத் திரும்புவது ஆறு படிகளில். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். நடுவில் அறிகுறி அதிகமானால் ஒரு படி இறங்கித்தான் தொடர வேண்டும். முழுசாகத் தேறும் முன் இன்னொரு அடி விழுந்தால் மூளை வீங்கிவிடலாம். அரிதுதான், ஆனால் வளரும் பிள்ளைகளின் உயிரையே பறித்திருக்கிறது.

இன்னொன்று. சி.டி. ஸ்கேன் நார்மல் என்றால் கன்கஷன் இல்லை என்று அர்த்தமில்லை. அந்த ஸ்கேன் ரத்தக்கசிவைத் தேடுவது. தலைவலி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், பேச்சு குழறினால், எழுப்பினாலும் எழாவிட்டால் யோசிக்காமல் 911.

என் மகள் 26 நாள் கழித்து மைதானத்துக்குத் திரும்பினாள். இப்போது பிராக்டிஸ் முடிந்து காரில் ஏறியதும், மார்க்கைக் கேட்பதற்கு முன்னால், "இன்னிக்கு யாருக்காவது அடிபட்டுச்சா?" என்று கேட்கிறேன். முதலில் மற்றவர்களைப் பற்றிச் சொன்னாள். போன மாதம், "எனக்குத் தோள்ல பட்டுச்சும்மா, தலையில இல்ல" என்று தானாகவே சொன்னாள்.

வசந்தகால விளையாட்டுகளுக்கான பதிவு வந்துவிட்டது. வரும் ஞாயிறு, பிள்ளைகள் தமிழ் வகுப்பில் இருக்கும் நேரத்தில் கஃபடேரியாவில் உட்கார்ந்திருப்பேன். அந்த விவரத் தாளைத் தமிழில் எழுதி நகல் எடுத்து வருகிறேன். தாத்தா பாட்டி ஊரிலிருந்து வந்திருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். பகலில் பிள்ளைகளோடு வீட்டில் இருப்பது அவர்கள்தானே.

அன்புடன்,
ஒரு பத்தாம் வகுப்பு மாணவியின் அம்மா