மலையகத்தில் எழுத்தோவியம் பழக முதலில் கடதாசியைக் காயவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓய்வு நேரத்தில் எழுத்தோவியம் (எழுத்தை அழகாகத் தீட்டும் கலிகிராபி) பழகலாம் என்று தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை வரவேற்கத்தக்கது. ஆனால் அதில் சொல்லப்பட்ட தூரிகைப் பேனையும் போட்டோகொப்பித் தாளும் யாழ்ப்பாணத்தில் சரிவரலாம். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் சரிவராது. இங்கே அதை நம்பி இறங்கும் பிள்ளை, மை ஊறிப் பரவுவதைப் பார்த்துவிட்டு, தனக்குக் கை வரவில்லை என்று முதல் வாரத்திலேயே விட்டுவிடும். பெரும்பாலும் கடதாசிதான் காரணம்.

போட்டோகொப்பிக்கான 80 கிராம் தாள் (சதுர மீற்றருக்கு 80 கிராம் எடையுள்ளது) காற்றின் ஈரத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். நார் ஊறி, மேற்பூச்சின் பிடி தளர்ந்ததும், மை கோட்டுக்குள் நிற்காமல் வேர்விட்டு ஓடும். மலையகத்தின் மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை இந்தப் பாடு. பதுளை, பண்டாரவளைக்காரருக்கு வடகீழ்ப் பருவமழை இறங்கும்போது. ஆகவே 200 கிராமுக்குக் குறையாத தாளே நல்லது. 300 கிராம் நீர்வர்ணத் தாளாக இருந்தால் ஈரம் பட்டாலும் அதிகம் நெளியாது. அந்த விலை கட்டுப்படியாகாதவர்கள் பிறிஸ்டல் போர்ட் என்ற தடித்த அட்டையில் வழவழப்பான பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். வாங்கியதும் பொலித்தீன் உறையில் தட்டையாக இட்டு, சப்பாத்துப் பெட்டிக்குள் வரும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டை உள்ளே போட்டு மூடிவையுங்கள். அடுப்புக்கு மேலே பரணில் காயவைக்க வேண்டாம்: ஒரு பக்கம் மட்டும் காய்ந்து தாள் சுருண்டுகொள்ளும், புகைக்கரியும் படியும். எழுதுமுன் தாளின் ஓரத்தில் இரண்டு கோடு இழுத்து ஒரு நிமிடம் பொறுங்கள். கோட்டின் விளிம்பு மயிர் பிரியாமல் நின்றால் துணிந்து எழுதலாம்.

அடுத்தது பேனை முனையின் கோணம். இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கு உரியவை. அவற்றைப் பார்த்துத் தட்டை முனையை 45 பாகையில் பிடித்தால் நிற்கும் கோடும் கிடைக்கோடும் ஒரே தடிப்பில் விழும். ட, ப, ம, ய என்று நெடுங்கோடும் கிடைக்கோடுமாகவே நடக்கும் நம் எழுத்துக்கு அது உயிரில்லாத தோற்றம் தரும். 30 பாகைக்கு இறக்கிப் பாருங்கள். 4 மில்லிமீற்றர் முனையில் நிற்கும் கோடு ஏறத்தாழ மூன்றரை மில்லிமீற்றர், கிடைக்கோடு 2 மில்லிமீற்றர் என்று வரும். ‘ட’ ஒன்றை மட்டும் ஒரு பக்கம் நிறைய எழுதினாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

உயரமும் அப்படித்தான். ஆங்கிலச் சிறிய எழுத்துக்கு முனை அகலத்தின் 5 மடங்கு உயரம் போதும் என்பார்கள். அந்த உயரத்தில் ‘ண’ எழுதினால் சுழிகள் அடைபட்டுக் கறுப்புக் கட்டியாகிவிடும். 7 மடங்கு வையுங்கள். 4 மில்லிமீற்றர் முனைக்கு 28 மில்லிமீற்றர். மேலே ‘கீ’யின் விலங்குச் சுழியும் கீழே ‘மூ’வின் வளைவும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, வரிக்கு வரி அதே அளவு வெற்றிடம் வேண்டும். துணைக்காலும் ‘ர’வும் தட்டை முனையில் ஒன்றாகவே தோன்றும். ‘ர’வின் காலைச் சற்றுச் சாய்த்து இழுக்காவிட்டால் வாசிப்பவர் தடுமாறுவார். மெய்யெழுத்துப் புள்ளியை முழுச் சொல்லும் எழுதி முடித்த பிறகு, எழுத்துக்கு மேல் ஒரு முனை அகலம் விட்டு வையுங்கள். எழுதும்போதே இட்டால் பாதிப் புள்ளி கையில் ஒட்டி வந்துவிடும்.

பழகுவதற்கு விலையுயர்ந்த பேனை தேவையில்லை. இரண்டு பென்சில்களை றப்பர் வளையத்தால் சேர்த்துக் கட்டினால் முனையின் இரு விளிம்பும் தனித்தனியே தெரியும், கோணம் பிசகினால் உடனே பிடிபடும். அதன்பின் மூங்கில். பச்சை மூங்கிலின் முனை பிசிர் பிசிராகும்; வெட்டி ஓரிரு மாதம் நிழலில் உலரவிட்டு, சாய்வாகச் சீவி, முனையை 4 மில்லிமீற்றருக்கு நேராக வெட்டி, நடுவே 1 சென்ரிமீற்றர் கீறல் விட்டால் மை ஒழுங்காக இறங்கும். புது உலோக முனையில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பற்பசை தொட்டுத் தேய்த்துக் கழுவாவிட்டால் மை முத்து முத்தாக உருண்டு நிற்கும். இந்தியன் இங்க்கை ஊற்றுப்பேனைக்குள் விடவே கூடாது. அதிலுள்ள அரக்கு காய்ந்தால் பேனை போனதுதான். போஸ்டர் கலரைப் பசும்பால் பதத்துக்குக் கரைத்தால் போதும். பிசின் கூட்டினால் மினுக்கம் வரும், ஆனால் நம் குளிருக்கு அது காயாமல் பிசுபிசுத்து, அடுக்கிவைத்த தாள்களை ஒட்டிவிடும்.

தேயிலைச் சாயத்தில் தாளைப் பழுப்பாக்குவது இப்போது மோஸ்தர். தூள் தேயிலை 2 மேசைக்கரண்டியைக் கால் லீற்றர் நீரில் கொதிக்கவைத்து வடித்து, ஆறியபின் அகலத் தூரிகையால் பூசலாம். இரும்புச் சட்டியில் கொதிக்கவிட்டால் கறுத்துப்போகும், துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான். வெயில் பட்டால் வெளிறும். வீட்டில் மாட்டிவைக்க நல்லது, காசுக்குக் கொடுக்க வேண்டாம்.

கன்வசில் அக்கிரிலிக் வர்ணம் தீட்டுபவர்களுக்கு நுவரெலியாவின் தை மாத இரவு எதிரி. 10 பாகை செல்சியசுக்குக் கீழே அக்கிரிலிக் ஒழுங்கான படலமாகச் சேராது. மேலே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் பிறகு வெடிக்கும், உதிரும். பகலில் பூசி பகலிலேயே காயவிடுங்கள். ஸ்பிறே வார்னிஷ் மூடுபனியில் பால்போல வெளிறிவிடும். சட்டம் போட்டதைத் தோட்டக் குடியிருப்பான லயத்தின் வெளிச்சுவரில் ஒட்ட மாட்டினால் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். சட்டத்தின் நான்கு மூலையிலும் சோடா மூடியை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும்.

இனி டிஜிட்டல். கையால் எழுதியதைக் கணினிக்குக் கொண்டுபோக ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள். போன் மட்டும் இருந்தால், மூடுபனி நாளின் நிழலற்ற வெளிச்சம் போதும். பிளாஷை அணைத்து, தாளுக்கு நேர் மேலே பிடியுங்கள். இன்க்ஸ்கேப் இலவச மென்பொருள். அதில் படத்தைக் கோட்டுருவாக (வெக்டர்) மாற்றினால் எந்த அளவுக்குப் பெருப்பித்தாலும் விளிம்பு உடையாது, திருவிழா பெனருக்கும் அதே கோப்பு போதும். ஆனால் தூசிப் பொட்டுகளை அகற்றும் அளவைக் கூட்டினால், தெளிவு குறைந்த படத்தில் மெய்யெழுத்துப் புள்ளிகளும் சேர்ந்து காணாமற்போகும். தட்டச்சு எழுத்தைச் சேர்ப்பவர்கள், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள். அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும். கோட்டுருவாக மாற்றி அனுப்புங்கள். போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் கொம்பு இடம்மாறி விழுந்தால், எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை இயக்க வேண்டும். ஏ4 அளவில் அச்சிடும் படம் 2480க்கு 3508 பிக்சல் இருக்கவேண்டும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டொகியுமென்டாக அனுப்பவேண்டும்.

இதையொட்டித் தங்களிடம் இரண்டு வேண்டுகோள். சிறுவர் பக்கத்தில் வரும் கையெழுத்துப் படைப்புகளைப் புகைப்படம்போலச் சாம்பல் சாயலில் அச்சிடுவதால், எழுத்தின் விளிம்பெல்லாம் புள்ளிகளாகச் சிதறித் தெரிகிறது. அவற்றைக் கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படமாக, 1200 டிபிஐயில் எடுத்து அச்சிட்டால் பிள்ளைகள் எழுதியது எழுதியபடியே வரும். பொங்கல் எழுத்தோவியப் போட்டி அறிவிக்கும்போது தாளின் அளவு, பிக்சல் அளவு, கோப்பு வகை மூன்றையும் விதிமுறையிலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
எழுத்தோவிய ஆர்வலர்கள் சிலர்,
ஹட்டன்