தீன் பையில் தமிழில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒட்டுசுட்டானில் எங்கள் ஒழுங்கையில் ஆடு இல்லாத வளவு ஒன்றோ இரண்டோதான். அநேகமானோர் கோழியும் வைத்திருக்கிறோம். கோழிக்கு வாங்கிய தீனில் மிஞ்சியதை ஆட்டுக்குப் போடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அந்தப் பழக்கத்தைப் பற்றியும் அந்தத் தீன் வருகிற பையைப் பற்றியும்தான் எழுதுகிறேன்.

பக்கத்து வளவுத் தம்பி நுவரெலியாவிலிருந்து ஒரு மட்டக் குதிரையைக் கொண்டுவந்து வளர்க்கிறார். கலியாண ஊர்வலத்துக்கும் பள்ளிக்கூட விழாவுக்கும் அதைக் கேட்டு வருவார்கள். போன மாரியில் ஒரு இரவு அது கட்டை அறுத்துக்கொண்டு போய், கோழிக்கூட்டடியில் வாய் திறந்து கிடந்த புரொய்லர் தீனைத் தின்றுவிட்டது. விடிந்த பிறகு புல்லை முகரக்கூட இல்லை. வெயில் ஏறுவதற்கு முன்னமே கழுத்தும் விலாவும் வேர்த்து நனைந்தன. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னி, நிற்கவே தடுமாறியது. மிருக வைத்தியர் வந்ததும் வராததுமாக, "அந்தப் பையைக் கொண்டு வாங்கோ" என்றார். பையில் சிங்களமும் ஆங்கிலமும் இருந்தன. மருந்து பற்றிய வரி அடித் தையலுக்குள் மடிந்து, கண்ணுக்கு எட்டாத எழுத்தில் கிடந்தது. குதிரை உயிர் தப்பியது. ஆனால் இதயத் தசையில் பட்ட காயம் ஆறாது, இனி ஊர்வலத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கோழிக்கு இரத்தக் கழிச்சல் வராமல் இருக்க புரொய்லர் தீனிலும் குஞ்சுத் தீனிலும் மொனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலக்கிறார்கள். கோழிக்கு அது நல்லது. ஆனால் மொனென்சின் ஒரு கோழியைக் கொல்ல அதன் உடல் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை வேண்டும். ஆட்டுக்குச் சுமார் 26 போதும். குதிரைக்கு 2 அல்லது 3 மில்லிகிராமே காணும். சலினோமைசின் குதிரைக்கு அதைவிடக் கொடியது. மாற்று மருந்து கிடையாது. கழுதைக்கும் இதே ஆபத்துத்தான். மன்னார் நகரில் திரியும் கழுதைகளுக்கு இரக்கப்பட்டுத் தீன் போடுபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆட்டுக்கு மருந்தைவிடத் தானியம்தான் பெரிய எதிரி. தை, மாசியில் காலபோக வெட்டு முடிந்ததும் ஆடுகளை வயலில் விடுகிறோம். மெசின் சிந்திவிட்டுப் போன நெல்லும், வரம்போரம் குவித்த நெல்லும் அதற்குக் கிடைக்கிறது. இல்லாவிட்டால் கலியாண வீட்டில் மிஞ்சிய சோற்றை வாளியோடு கொண்டுவந்து கொட்டுகிறோம். வீணாகப் போகக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் நெல்லோ சோறோ ஒரேயடியாக வயிற்றுக்குள் போனால் அங்கே புளித்து அமிலமாகிறது. முதலில் ஆடு அசை போடுவதை நிறுத்தும். பல்லை நறநறவென்று கடிக்கும். இடப்பக்கம் வயிறு உப்பும். கையால் அமர்த்தினால் உள்ளே தண்ணீர் தளும்புவது தெரியும். பிறகு புளித்த வாடையோடு தண்ணியாகக் கழியும். அப்படியே படுத்துவிட்டால் எழுப்புவது கடினம். முந்திய நாள் துள்ளித் திரிந்த சினை மறி இப்படிப் போவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். ஆடு நிற்கும்போதே கண்டுபிடித்தால், வளர்ந்த ஆட்டுக்கு 20 கிராம் அளவு அப்பச்சோடாவை அரைப் போத்தல் தண்ணீரில் கரைத்து, தலையை அதிகம் தூக்காமல், மெதுமெதுவாகப் பருக்கலாம். அதோடு உடனே வைத்தியருக்கும் அழைப்பு எடுக்க வேண்டும். படுத்த ஆட்டுக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். புதுத் தீன் எதுவானாலும் ஒரு கிழமை, பத்து நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகவே கூட்டுங்கள்.

குழையிலும் இதே கதைதான். இப்பில் இப்பில் குழையை ஆடு அளவோடு தின்னலாம், குதிரைக்குக் கொடுத்தால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும். சீமைக்கிளுவை ஆட்டுக்கு நல்ல உணவு, குதிரைக்கு நஞ்சு. மரவள்ளி இலையைப் பச்சையாக எதற்கும் போட வேண்டாம். அரிந்து வெயிலில் நன்றாகக் காயவிட்டுக் கொடுங்கள். அலரியை வேலியில் வைக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

குழையைப் பற்றி அயலில் கேட்டாவது அறியலாம். பைக்குள் இருப்பதை அப்படி அறிய முடியாது. 1986 ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் கால்நடைத் தீவனத்துக்கென்று சட்டம் வந்தது. தமிழும் அரச கரும மொழி. அப்படியிருந்தும் வன்னியில் விற்கிற தீன் பையை வன்னியில் இருக்கிறவர் வாசிக்க முடியாமல் இருப்பது எந்த வகையில் நியாயம்? எந்த விலங்குக்கு, எதற்குக் கொடுக்கக்கூடாது, என்ன மருந்து, எந்தத் திகதி. நான்கே வரிகள், பெரிய எழுத்தில், தமிழில். திகதியும் முக்கியம், மாரி ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த தீன் ஆட்டையும் கெடுக்கும், குதிரையை அதைவிடக் கெடுக்கும்.

ஆனால் பையில் அச்சடித்தால் மட்டும் போதாது. எங்களைப் போன்றவர்கள் முழுப் பை வாங்குவதில்லை. கடைக்காரர் பையை வெட்டி, கிலோக் கணக்கில் பொலித்தீனில் நிறுத்துத் தருகிறார். பையில் எழுதியிருப்பது எதுவும் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. ஆகவே கடைக்கார அண்ணன்மாரிடம் கேட்கிறேன்: நிறுத்துக் கட்டும்போது, "கோழிக்கு மட்டும்" என்று மார்க்கர் பேனையால் அந்தப் பொலித்தீனில் எழுதித் தாருங்கள். கால்நடைத் திணைக்கள உத்தியோகத்தர்கள் வரும் வெட்டுக்கு முன் ஒவ்வொரு தீன் கடையிலும் தமிழில் ஒரு அறிவித்தல் ஒட்டினால், எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் அதைப் பெருக்கி ஒட்ட ஆட்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஆடு வளர்க்கும் ஒரு தாய்,
ஒட்டுசுட்டான்.