கழுத்து எரிகிறது என்று கேட்ட அண்ணன் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். ஷேவ் பண்ணினாலே கழுத்து எரிகிறது, மறுநாள் சிவப்பு சிவப்பாகப் பொரிந்துவிடுகிறது, பேசாமல் தாடியே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாய். தாடி வைப்பது உன் இஷ்டம், உனக்கு நன்றாகவும் இருக்கும். ஆனால் எரிச்சலுக்குப் பயந்து வைக்காதே. கூடவே இன்னொன்றும் கேட்டாய்: இந்தப் பிரஷ், சோப்பு, கனமான பழைய ரேசர் எல்லாம் எதற்கு, பழசு மேல் உங்களுக்கு அப்படி என்ன பிடிப்பு என்று. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். உன்னைப் போலவே கழுத்தைத் தடவிக்கொண்டு திரியும் பையன்கள் நிறைய பேர் இருப்பார்கள், அவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

முதலில் எரிச்சல். உன்னிடம் இருப்பது ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ். நீ ஒரு முறை இழுத்தால் தோல் மீது ஐந்து விளிம்புகள் போகின்றன, சரியாக வரவில்லையே என்று அதே இடத்தில் நான்கு முறை இழுத்தால் கணக்கை நீயே போட்டுக்கொள். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. முன்னால் போகும் பிளேடு முடியைப் பிடித்துச் சற்று மேலே இழுக்கிறது, அது பழைய இடத்துக்குத் திரும்புவதற்குள் பின்னால் வரும் பிளேடு வெட்டிவிடுகிறது, வெட்டுப்பட்ட முனை தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. அன்றைக்குக் கன்னம் வழவழவென்று இருக்கும். ஆனால் உனக்கு இருப்பது போன்ற சுருட்டை முடி மறுபடி வளரும்போது வெளியே வரும் வழியை விட்டுவிட்டுத் தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு வளரும். அந்தச் சிவப்புப் பொரி அதுதான். இப்படிப் பொரியும் ஆட்கள் ஒன்று அல்லது இரண்டு பிளேடு உள்ள ரேசரைப் பயன்படுத்தினால் நல்லது என்று அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியே சொல்கிறது. சீழ் வைத்தாலோ வலி கூடினாலோ என் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்காதே, தோல் மருத்துவரிடம் போ.

அப்புறம் இந்தப் "பழைய" ரேசரைப் பற்றி. பழசு என்றதும் தாத்தா காலத்துக்கும் முந்தைய ஏதோ ஒன்று என்று நினைக்கிறாய். இந்த இரு பக்க பிளேடு ரேசர் வந்தபோது அதுதான் புதுமை, அதுதான் சோம்பேறிகளின் வசதி என்று பேசப்பட்ட பொருள். அதற்கு முன்னால் பெரும்பாலும் மடக்குக் கத்திதான், தோல்வாரில் தீட்டித் தீட்டி வழிக்க வேண்டும். இல்லையென்றால் நாவிதரிடம் போக வேண்டும், பல ஆண்கள் அப்படித்தான் போனார்கள். கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர், தீட்டத் தேவையில்லாத, தேய்ந்ததும் தூக்கிப் போடுகிற மெல்லிய பிளேடு ஒன்றைச் செய்யலாமே என்று கிளம்பினார். அவ்வளவு மெல்லிய தகட்டைக் கடினமாக்கவே முடியாது என்று விவரம் தெரிந்தவர்கள் கைவிரித்த வேலையை வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் செய்து கொடுத்தார். விற்பனைக்கு வந்த 1903-ஆம் ஆண்டு முழுக்க விற்றது 51 ரேசரும் 168 பிளேடும்தான். மறு ஆண்டு காப்புரிமை கிடைத்தது, பிறகு முதல் உலகப் போர் வந்தது, அமெரிக்க ராணுவம் 35 லட்சம் ரேசர்களை வாங்கித் தன் சிப்பாய்களுக்குக் கொடுத்தது. போர் முடிந்து வீட்டுக்குத் திரும்பியவர்கள் ரேசரோடு, தினமும் தானே முகம் வழித்துக்கொள்ளும் பழக்கத்தையும் கொண்டு போனார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழசு என்பதற்காக நான் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. அப்படிப் பார்த்தால் மடக்குக் கத்தியைத்தான் எடுத்திருக்க வேண்டும். என் கணக்கு வேறு. ஒரு பொருளைப் பயன்படுத்தப் பயன்படுத்த என் கை தேறுகிறதா, அது பழுதானால் சரி செய்ய முடிகிறதா என்று பார்ப்பேன். இரண்டுக்கும் ஆமாம் என்றால் அந்தப் பழக்கத்தை விட மாட்டேன். இந்த ரேசர் அதில் முழுதாகத் தேறுகிறது. உலோகத் தலை, உலோகக் கைப்பிடி, உள்ளே ஒரு திருகு, அவ்வளவுதான். கீழே போட்டு நெளிக்காமல் இருந்தால் உன் பிள்ளையும் இதில் ஷேவ் பண்ணலாம். மாற்ற வேண்டியது 0.1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள எஃகுத் தகடு ஒன்றை மட்டும்தான். கார்ட்ரிட்ஜில் பிளாஸ்டிக்கும் ரப்பரும் எஃகும் பின்னிக்கிடக்கின்றன, பிரித்து மறுசுழற்சி செய்ய யாருக்கும் பொறுமை கிடையாது.

சரி, எப்படிச் செய்வது என்று சொல்கிறேன், இங்கே கொஞ்சம் மெதுவாகப் படி.

குளித்த பிறகு ஷேவ் பண்ணு. காய்ந்த முடி முரடு. தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் உப்பி மிருதுவாகிவிடும், வெட்ட வேண்டிய விசை பெருமளவு குறைந்துவிடும். நீ முகத்தில் ஒரு கை தண்ணீரை அடித்துவிட்டு உடனே ஆரம்பிப்பதுதான் பாதிப் பிரச்சினை. பன்றி முடி பிரஷ் என்றால் குளிக்கப் போகும்போதே வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவிடு, செயற்கை இழை என்றால் நனைத்தால் போதும். பிரஷை எடுத்து ஒரு உதறு உதறிவிட்டு சோப்பின் மேல் வட்டமாகச் சுற்று. முதலில் பெரிய பெரிய குமிழிகளாகத்தான் வரும். அதைப் பார்த்து நுரை வந்துவிட்டது என்று பூசிக்கொள்ளாதே, அது வெறும் காற்று, பிளேடு பட்டதும் காணாமல் போய்விடும். இன்னும் சுற்று, விரல் நுனியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடு, மறுபடி சுற்று. குமிழிகள் சிறுத்துச் சிறுத்து, கடைசியில் கண்ணுக்கே தெரியாமல் போய், நுரை கனமாகி, பிரஷைத் தூக்கினால் நுனியில் வளைந்து நிற்கும். பளபளப்பு வந்திருக்கும். அப்போது முகத்தில் வைத்துத் தேய். சுற்றிச் சுற்றித் தேய்க்கும்போது படுத்துக் கிடக்கும் முடி எழுந்து நிற்கிறது, அடியில் இருக்கும் அழுக்கும் இறந்த தோலும் கழன்று வருகின்றன. டப்பாவை அழுத்தினால் வரும் நுரை இந்த வேலையைச் செய்யாது, அதைக் கையால் மேலே பூசிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இனி ரேசர். தலையைக் கன்னத்தில் தட்டையாக வைத்து, பிளேடு தோலைத் தொடும் வரை கைப்பிடியைக் கீழே இறக்கு, ஏறக்குறைய 30 டிகிரி கோணத்தில் வந்து நிற்கும். அழுத்தாதே. திரும்பச் சொல்கிறேன், அழுத்தாதே. கார்ட்ரிட்ஜ் உன் கைக்கு அழுத்தத்தைப் பழக்கியிருக்கிறது, அதை மறக்கச் சில வாரம் ஆகும். இந்த ரேசரின் எடையே வெட்டப் போதுமானது, உன் கை அதை வழிநடத்தினால் போதும். பொரியும் தோல் என்பதால் இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடிக்காமல் சிறு சிறு இழுப்பாக இழு. சத்தத்தைக் கேள், இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். கோணம் சரியாக இருந்தால் முடி அறுபடும்போது மெல்லிய "சர்... சர்..." என்ற ஒலி வரும். ஒலி நின்றால் கோணம் தவறிவிட்டது அல்லது அங்கே வெட்ட முடி இல்லை. எந்தக் காரணமாக இருந்தாலும் அந்த இடத்தில் மேலும் இழுக்காதே.

முதல் சுற்று முடி வளரும் திசையிலேயே. மறுபடி நுரை பூசி இரண்டாவது சுற்று குறுக்கே. எதிர்த்திசையில் மூன்றாவது சுற்று போகிறவர்கள் உண்டு, உன் கழுத்து ஆறும் வரை நீ அந்தப் பக்கமே போகாதே. நேற்றைய மிச்சம் லேசாகக் கையில் தட்டினால் தட்டட்டும், யாரும் உன் தாடையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப் போவதில்லை.

முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவிவிட்டு ஈரத்தோடு படிகாரக் கட்டியைத் தேய். படிகாரம் தோலை இறுக்கும், சின்னக் கீறலில் கசியும் ரத்தத்தை நிறுத்தும். எனக்கு அது வேறொரு காரணத்துக்காகவும் பிடிக்கும். எங்கே சுருக்கென்று கடிக்கிறதோ அங்கே நீ அழுத்தியிருக்கிறாய் என்று அர்த்தம். ஒவ்வொரு நாளும் பரீட்சைத் தாளைத் திருத்திக் கொடுக்கும் வாத்தியார் மாதிரி அது. இன்றைக்குத் தாடைக்குக் கீழே கடித்தால் நாளைக்கு அங்கே கை தானாகவே லேசாகும்.

பிளேடை எத்தனை முறை பயன்படுத்துவது என்று அடுத்துக் கேட்பாய். ஐந்திலிருந்து ஏழு ஷேவுக்குள் மாற்றச் சொல்கிறார்கள், இழுக்கிறது என்று தோன்றினால் அதற்கும் முன்னாலேயே மாற்று. எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையான முடி எப்படி எஃகை மழுக்குகிறது என்று எனக்கே பல காலம் புரியாமல் இருந்தது. 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மின்னணு நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தபோது, விளிம்பு தேய்வதோடு, முடி சாய்வாக வந்து மோதும் இடங்களில் நுண்ணிய சில்லுகளாகவும் உடைகிறது என்று தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பற்கள்தான் தோலைப் பிராண்டுகின்றன. பழைய பிளேடைக் குப்பையில் அப்படியே போடாதே, அள்ளுகிறவர் கையைக் கிழித்துவிடும். ஒரு தகர டப்பாவின் மூடியில் கோடு மாதிரி வெட்டி அதற்குள் போட்டுக்கொண்டே வா, நிறைந்ததும் ஒட்டி மூடிக் கொடுத்துவிடலாம். விமானத்தில் போனால் பிளேடு கைப்பையில் இருக்கக் கூடாது, பிடுங்கிவிடுவார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் பழைய பழக்கம் எல்லாமே நல்லதா சித்தப்பா என்று மடக்கப் பார்ப்பாய். இல்லை. ஒரே ரேசரை வீட்டில் நாலு பேர் பயன்படுத்தியது பழைய பழக்கம்தான், ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் அப்படிப் பரவக்கூடியவை, அதை அடியோடு ஒழிக்க வேண்டும். ஷேவ் முடிந்ததும் ஆல்கஹால் நெடியடிக்கும் லோஷனை எடுத்துக் கன்னத்தில் அறைந்துகொள்வதும் பழசுதான், உனக்கு இருக்கும் தோலுக்கு அது விஷம். வாசனையில்லாத, ஈரம் காக்கும் க்ரீம் போதும். மடக்குக் கத்தியை நான் மதிக்கிறேன், ஆனால் காலையில் அவசர அவசரமாக வேலைக்கு ஓடும் ஒருவனுக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வைத்துக்கொள்ள வேண்டியவை என்று பார்த்தால், ரேசரோடு சேர்த்து நான் உன்னிடம் தர விரும்புவது மை ஊற்றி எழுதும் பேனா. அதுவும் இதே பாடத்தைத்தான் சொல்லித்தருகிறது. பந்துமுனைப் பேனாவை அழுத்தினால்தான் எழுதும், நிப்பை அழுத்தினால் பிளந்துவிடும். தாளில் தொட்டால் போதும், மை தானாக இறங்கும். ஒரு பக்கம் எழுதி முடித்தும் விரல் வலிக்காதபோது தெரியும் வித்தியாசம். அப்புறம் ஊசி நூல். ஒரு பொத்தானைத் தைக்கத் தெரியாமல் நல்ல சட்டையை மூலையில் போட்டு வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை. பொத்தானுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தை, முடித்ததும் குச்சியை உருவிவிட்டு, அந்த இடைவெளியில் நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடு, சட்டை கிழிந்தாலும் பொத்தான் நிற்கும். சமையலறைக் கத்தியைச் சாணைக்கல்லில் நீயே தீட்டக் கற்றுக்கொள், மழுங்கிய கத்திதான் வழுக்கிப் போய் விரலை வெட்டும். தோல் செருப்பையும் ஷூவையும் தினமும் போடாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடு, உள்ளே ஏறிய வியர்வை காய வேண்டும். கைக்குட்டை, சாவி கொடுக்கும் கடிகாரம் இதெல்லாம் உன் விருப்பம், வற்புறுத்த மாட்டேன்.

காலையில் நேரமில்லை என்று நீ சொல்வாய், எனக்குத் தெரியும். பழகிய கைக்குப் பத்து நிமிடம், நீ இப்போது எடுத்துக்கொள்வதைவிட ஐந்து நிமிடம் கூடுதல். அந்தப் பத்து நிமிடம் நுரையும் பிளேடும் தவிர வேறு எதையும் நினைக்க முடியாது, நினைத்தால் வெட்டும். போன் பக்கம் கை போகாது. நாள் முழுக்க ஆளாளுக்கு உன் கவனத்தைப் பிய்த்துப் பிய்த்து எடுக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் முழுக் கவனத்தோடு ஒரு காரியத்தைச் செய்துவிட்டுக் கிளம்புவது எனக்குப் பெரிய பலமாக இருக்கிறது. உனக்கும் அது கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். கழுத்துச் சிவப்பு அடங்கும் வரை ரேசரைத் தொடாதே. அடங்கியதும் இரண்டு நாள் முடி வளர்ந்திருக்கும்போது விரலால் தடவிப் பார், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், பக்கவாட்டில். எந்தப் பக்கம் தடவினால் வழுக்குகிறதோ அதுதான் முடி வளரும் திசை. கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும், கழுத்தில் அப்படி நம்பிவிடாதே, பலருக்குச் சாய்வாகவும் சுழியாகவும் போகும், இடமும் வலமும் ஒத்துப்போகாது. ஒரு தாளில் முகத்தை வரைந்து அம்புக்குறி போட்டு எனக்கு அனுப்பு. ரேசர் வாங்க வேண்டாம், என்னிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது, கொதிநீரில் கழுவி ஸ்பிரிட்டால் துடைத்து அனுப்புகிறேன். பிளேடு, பிரஷ், சோப்பு மட்டும் புதிதாக நீயே வாங்கிக்கொள்.

அன்புடன்,
சித்தப்பா