யார் சுட்டார் என்று இப்போதே எழுதிவிடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் நகல்களும் வந்து சேர்ந்து வெகு நாளாகிவிட்டது. கண்புரை அறுவைக்குப் பிறகு கொஞ்ச காலம் எதையும் படிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பிரித்தால் படிக்காமல் இருக்க மாட்டேன் என்று தெரியும். அதனால் உறையைத் தொடவே இல்லை. இப்போது எழுத்து பளிச்சென்று தெரிகிறது. ஓய்வு பெற்றதும் சதுரங்கத்தில் இறங்கி எல்லோரையும் தோற்கடிக்கப் போவதாக மிரட்டிக்கொண்டிருந்தவன், காணாமல் போன விமானியைத் தேடும் வேலையில் போய் மாட்டிக்கொண்டாயே என்று சிரித்தேன். என் பைத்தியம் உனக்கும் தொற்றியதில் உள்ளூர மகிழ்ச்சிதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1941 ஆகஸ்ட் பிற்பகுதியில் வடக்கு பிரான்சின் மேல், ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தை ஓட்டிய ஒரு விமானி காணாமல் போகிறார். அதே நாளில், அதே பகுதியில், நிமிடம் பிசகாத நேரத்தில் ஒரு ஸ்பிட்ஃபயரை வீழ்த்தியதாக ஒரு ஜெர்மானிய விமானியின் கோரிக்கை, அதாவது சுட்டவர் தானே சொல்லும் கணக்கு, பட்டியலில் இருக்கிறது. ஆகவே கொன்றவர் பெயர் கிடைத்துவிட்டது, குடும்பத்துக்கு எழுதப் போகிறேன் என்கிறாய். எழுதாதே. இப்போதைக்கு எழுதாதே.

நிமிடம் பிசகாமல் பொருந்துகிறது என்பதுதான் எனக்கு இடிக்கிறது. அந்த ஆண்டு மே 4 முதல் ஆகஸ்ட் 10 வரை பிரிட்டன் இரட்டைக் கோடை நேரத்தை, அதாவது கிரீன்விச் நேரத்தைவிட இரண்டு மணி முன்னால் வைத்த கடிகாரத்தை, பின்பற்றியது. அந்த நாட்களில் லண்டன் கடிகாரமும் ஜெர்மானியக் கடிகாரமும் ஒரே நேரம் காட்டின. ஆகஸ்ட் 10க்குப் பிறகு பிரிட்டன் ஒரு மணி நேரம் பின்னால் வந்துவிட்டது. உன் விமானி போனது அதற்குப் பிறகு. அப்படியானால் இரு பதிவுகளிலும் ஒரே நேரம் இருந்தால், இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவே உண்மையில் ஒரு மணி நேரம் இருக்கிறது. ஸ்பிட்ஃபயரில் ஒரு மணி நேரம் என்றால் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து போய், சண்டை போட்டு, திரும்பும் வழியில் பாதி வந்துவிடலாம். ஜப்பானியர் பர்மாவிலும் நியூகினியிலும் டோக்கியோ நேரத்தையே எழுதினார்கள் என்பதையும் குறித்து வைத்துக்கொள்; அடுத்து உன்னிடம் யாராவது பர்மா வழக்கு ஒன்றைக் கொண்டுவந்தால் உதவும்.

கடிகாரத்தைச் சரி செய்த பிறகும் கோரிக்கை கோரிக்கைதான். 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. உண்மையில் விழுந்தவை அறுபதை ஒட்டித்தான். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. மணிக்கு முந்நூறு மைல் வேகத்தில் நான்கு பேர் ஒரே விமானத்தைச் சுடுகிறார்கள். அது புகை கக்கிக்கொண்டு மேகத்துக்குள் போகிறது. நால்வரும் தரையிறங்கி நான்கு என்று எழுதுகிறார்கள். ஜெர்மானியர்களும் இதற்கு விலக்கல்ல. சுட்டவனின் வாக்குமூலத்தைவிட இழந்தவனின் கணக்கை நம்பு என்பது இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் பாடம். ஜெர்மானிய விமானப்படையின் இழப்புப் பட்டியல்களில் ஒவ்வொரு விமானத்துக்கும் தயாரிப்பு எண்ணும், சேதம் நூற்றுக்கு எவ்வளவு என்றும் எழுதியிருப்பார்கள். உதிரிபாகம் கேட்டு வாங்க வேண்டிய குமாஸ்தா எழுதிய கணக்கு அது. அவனுக்கு வீரம் காட்டவேண்டிய அவசியம் இல்லை.

இன்னொன்று. எதிரி விமானிதான் சுட்டிருக்க வேண்டும் என்று ஏன் முடிவு கட்டுகிறாய்? பிரிட்டிஷ் விமானி டக்ளஸ் பேடர் உயிரோடு பிடிபட்டவர். பேசுவதற்கு வாய் இருந்தவர். 1941 ஆகஸ்ட் 9 அன்று ஒரு மெஸ்ஸர்ஷ்மிட்டோடு (ஜெர்மானியப் போர் விமானம்) மோதித்தான் விழுந்தேன் என்று கடைசிவரை நம்பினார். பின்னாளில் தோண்டிப் பார்த்தவர்களுக்கு அன்று அப்படி மோதி வீழ்ந்த மெஸ்ஸர்ஷ்மிட் எதுவும் அகப்படவில்லை. சொந்தப் படை ஸ்பிட்ஃபயர் ஒன்றின் குண்டாக இருக்கலாம் என்ற கருத்துதான் இன்று வலுவாக இருக்கிறது. முதல் உலகப் போரின் ஜெர்மானிய விமானி ரிக்ட்ஹோஃபன் வீழ்ந்ததை எடுத்துக்கொள். 1918 ஏப்ரல் 21இல் உலகம் முழுக்க அறிந்த விமானி, பார்த்தவர்கள் ஏராளம், உடல் கிடைத்தது, மருத்துவர்கள் சோதித்தார்கள். பெருமை கனடா விமானி ராய் பிரவுனுக்குப் போனது. குண்டு நுழைந்த கோணத்தையும் அதன் பிறகு அவர் பறந்த நேரத்தையும் வைத்துத் தரையிலிருந்த ஆஸ்திரேலியத் துப்பாக்கிகள்தான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். அந்த வழக்கே தீரவில்லை. யாருமே பார்க்காத உன் விமானிக்கு ஒற்றை வரியில் தீர்ப்பா? தரைத் துப்பாக்கி, ஆக்சிஜன் குழாய் கழன்று உயரத்திலேயே மயங்கிப்போவது, எஞ்சின் கோளாறு, மேகம், எல்லாம் வரிசையில் நிற்கின்றன.

பிரிட்டிஷ் விமானி எரிக் லாக் நினைவிருக்கிறதா? முன்பு ஒருமுறை உனக்கு எழுதியிருந்தேன். 26 விமானங்களை வீழ்த்தியவர். 1941 ஆகஸ்ட் 3 அன்று, திரும்பும் வழியில் சாலையில் போன ஜெர்மானியப் படையினரைத் தாக்கக் கீழே இறங்கினார். அதோடு சரி. உடலும் இல்லை, விமானமும் இல்லை. ஒரு ஜெர்மானிய விமானியின் பெயரை அவரோடு ஒட்டிவைக்க ஆசைப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அந்த ஆசை வரவே இல்லை. இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவகத்தில், கல்லறை அறியப்படாத 20,000க்கும் மேற்பட்டவர்களோடு அவர் பெயரும் இருக்கிறது.

யார் சுட்டார் என்பதை விட்டுவிட்டு, எங்கே விழுந்தார் என்று தேடு என்கிறேன். முதல் கேள்விக்குப் பெரும்பாலும் விடை இல்லை. இருந்தாலும் குடும்பத்துக்கு அதனால் என்ன? இன்னொரு குடும்பத்தின் தாத்தாவைச் சுட்டிக் காட்டலாம், அவ்வளவுதான். இரண்டாவது கேள்விக்கு மண்ணும் காகிதமும் சேர்ந்து பதில் சொல்லக்கூடும்.

அதற்கு ஸ்குவாட்ரனின் (விமானப் படைப்பிரிவின்) அன்றாடப் பதிவேடு போதாது. பதிவேட்டை மாலையில் களைத்துப் போன யாரோ ஒரு அதிகாரி எழுதுகிறார். 'திரும்பவில்லை' என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறார். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இழப்புக் கோப்புகள் தனியாக இருக்கின்றன. விமானியின் தாயார் எழுதிய கடிதம், செஞ்சிலுவைச் சங்கம் வழியாக ஜெர்மானியர் அனுப்பிய இறப்புத் தகவல், இன்ன கல்லறையில் அடக்கம் என்ற குறிப்பு, எல்லாம் அங்கேதான் கிடைக்கும். விழுந்த பகைவரை ஜெர்மானியர் பல இடங்களில் முறைப்படி அடக்கம் செய்தார்கள். பெயர் தெரியாவிட்டால் 'அடையாளம் தெரியாத விமானி' என்று தேதியோடு எழுதினார்கள். அந்தத் தேதிதான் உனக்குத் திறவுகோல். வழக்கு அமெரிக்க விமானியுடையதாக இருந்திருந்தால் உனக்குப் பாதி வேலை மிச்சம்: 1943 முதல் அவர்கள் காணாமல் போன ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு அறிக்கை எழுதி, எஞ்சின் எண்ணையும் துப்பாக்கிகளின் எண்களையும்கூடப் பதிந்து வைத்தார்கள்.

போர் முடிந்தபோது பிரிட்டிஷ் விமானப்படையில் ஏறத்தாழ 42,000 பேர் காணவில்லை. அவர்களைத் தேடவென்றே ஒரு பிரிவு அமைத்து, ஊர் ஊராக ஆட்களை அனுப்பினார்கள். பாதிரியார், கல்லறைக் காவலர், வயலில் எஞ்சின் கிடப்பதைப் பார்த்த உழவர் என்று ஒருவரையும் விடாமல் விசாரித்தார்கள். பிரிட்டிஷ் வீரர்கள் கழுத்தில் அணிந்த அடையாள வில்லைகள் அழுத்திய நாரால் ஆனவை. மண்ணில் மக்கிப் போயிருக்கும். அதனால் சட்டைக் கழுத்தில் இருந்த சலவைக் குறியை வைத்துக்கூட ஆளைக் கண்டுபிடித்தார்கள். அப்படிச் சுமார் 24,000 பேருக்குக் கல்லறை உறுதியானது. நான் படித்த போர்க் கதைகள் எதையும்விட அந்த மனிதர்களின் வேலை எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர்களுடைய விசாரணைக் குறிப்பு உன் விமானியின் கோப்பிலும் இருக்கலாம். முதலில் அதைத் தேடு.

பொறுமை வேண்டும். பிரிட்டிஷ் விமானி ஹியூ பெரெஸ்ஃபர்டு 1940 செப்டம்பர் 7 அன்று தேம்ஸ் முகத்துவாரத்தின் மேல் நடந்த சண்டையில் காணாமல் போனார். ஷெப்பி தீவின் சதுப்பு நிலத்தில் அவருடைய ஹரிக்கேன் போர் விமானமும் அவரும் கிடைத்தது 1979இல். அதற்காக நீயே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதே. பிரிட்டனில் 1986 முதல் அதற்குச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் விமானச் சிதைவைத் தொட்டால் குற்றம். பிரான்சிலும் கேட்டுக்கொண்டுதான் போகவேண்டும்.

எதிர்த் தரப்பின் காகிதம் எவ்வளவு உதவும் என்பதற்கு நம் விமானப்படையிலேயே உதாரணம் உண்டு. 1965 செப்டம்பர் 7, சர்கோதா தாக்குதல். ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யாவின் மிஸ்டேர் போர் விமானம் திரும்பவில்லை. காணாமல் போனவர் என்று எழுதி முடித்தார்கள். 1979இல் ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளர் பாகிஸ்தான் தரப்பை வைத்து எழுதிய நூலில், அன்று பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் ஒன்றை ஒரு மிஸ்டேர் வீழ்த்தியது, பாகிஸ்தான் விமானி பாராசூட்டில் தப்பினார் என்று வந்தது. இந்தியாவில் திரும்பி வந்தவர்களில் யாரும் அப்படி ஒரு சண்டையைச் சொன்னதில்லை. அப்படியென்றால் திரும்பாதவர்தான். 1988இல் மகாவீர் சக்கரம் அறிவித்தார்கள், இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து. கவனி: இங்கே சுட்டவனின் கோரிக்கை எதுவுமே இல்லை. விமானத்தை இழந்தவர்கள் ஒப்புக்கொண்டதை வைத்து, கழித்துக் கழித்து வந்த முடிவு. அதனால்தான் அது நிற்கிறது.

பிரெஞ்சு எழுத்தாளரும் விமானியுமான செயிண்ட் எக்சுபெரி விஷயத்தில் நேர் எதிர். 1944 ஜூலை 31 அன்று கோர்சிகாவிலிருந்து கிளம்பிக் காணாமல் போனார். 1998இல் மார்செய் அருகே ஒரு மீனவர் வலையில் அவர் பெயர் பொறித்த கைச்சங்கிலி சிக்கியது. கடலடியில் கிடந்த அவருடைய லைட்னிங் விமானத்தின் துண்டுகளை 2003இல் எடுத்து, தயாரிப்பு எண்ணை வைத்து மறு ஆண்டு உறுதி செய்தார்கள். எங்கே என்பது தீர்ந்தது. அதன் பிறகு 2008இல் ஒரு முதிய ஜெர்மானிய விமானி, சுட்டது நான்தான் என்றார். செய்தித்தாள்கள் கொண்டாடின. அவர் சொன்னதற்கு அந்தக் காலப் பதிவு எதுவும் துணை நிற்கவில்லை. எனக்கு அந்தத் துண்டு உலோகத்தில் இருந்த எண் போதும்.

குடும்பத்துக்கு என்ன எழுதுவது என்று கேட்டிருந்தாய். தெரிந்ததை மட்டும் எழுது: எத்தனை மணிக்குப் புறப்பட்டார், கூடப் பறந்தவர்கள் யார், கடைசியாக அவரை எங்கே, எவ்வளவு உயரத்தில் பார்த்தார்கள், அடுத்து நீ எந்தக் கோப்பைப் பார்க்கப் போகிறாய். ஜெர்மானிய விமானியின் பெயர் வேண்டாம். அந்த வீட்டில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார் என்றாயே, ஒருமுறை பெயரைச் சொல்லிவிட்டால் அதைப் பிறகு அவர் மனதிலிருந்து எடுக்க உன்னால் முடியாது.

என் பக்கத்துச் செய்தி அதிகம் இல்லை. மூட்டு வலி மாடிப்படியோடு தினமும் பேச்சுவார்த்தை நடத்துகிறது. பேத்தி என் ஆவண நகல்களை எல்லாம் ஸ்கேன் செய்து ஒழுங்குபடுத்திக் கொடுத்திருக்கிறாள். இப்போது எதுவும் வைத்த இடத்தில் இல்லை, ஆனால் தேடினால் உடனே கிடைக்கிறது. உனக்கு வேண்டிய 1941 குறிப்புகளை அவளே அனுப்பி வைப்பாள்.

நீ அனுப்பிய பதிவேட்டு நகலில் வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. அந்த ஓரத்தில்தான் ஒவ்வொரு விமானமும் தரையிறங்கிய நேரம் இருக்கும். முழுப் பக்கத்தையும் மறுபடி நகலெடுத்து அனுப்பு. அடுத்த நாள் பக்கத்தையும் சேர்த்துக்கொள். தேடிப் போனார்களா என்பது அதில்தான் தெரியும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்