மெசியானும் கால் வாசிக்கும் மெட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் ஆர்கனுக்காக ஒன்பது பகுதிகளில் எழுதிய 'ஆண்டவரின் பிறப்பு' (1935) பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு திருத்தங்கள்.

ஆர்கனில் காலால் வாசிக்கும் கட்டைகளான பெடல் அடிச்சுருதியைத் தாங்கும் என்று கட்டுரை சொல்வது பொதுவாகச் சரி. ஆனால் இந்த 9 பகுதிகள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. ஆறாவதான 'வானதூதர்க'ளில் பெடலே கிடையாது. குழந்தை இயேசுவைக் காண நடந்துவந்தவர்களைப் பற்றிய எட்டாவது பகுதியான 'ஞானிக'ளில் மெட்டையே கால்தான் வாசிக்கிறது, கைகள் துணை. அதற்காகப் பெடலில் 16 அடி, 8 அடி ஸ்டாப்புகளை (குழாய் வரிசைகளைத் திறந்து மூடும் பிடிகள்; அடி என்பது குழாயின் நீளம், நீளம் கூடினால் ஒலி தாழும்) மூடிவிட்டு, எழுதியதைவிட ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் 4 அடி ஸ்டாப்பைத் திறக்க வேண்டும். பழக்கதோஷத்தில் 16 அடியை இழுத்துவிட்டால் மெட்டு இரண்டு ஸ்தாயி கீழே இறங்கி, ஞானிகள் நடப்பதற்குப் பதில் யானை நடக்கும். சிறிய ஆர்கன்களில் பெடலுக்கென்று 4 அடி ஸ்டாப் பெரும்பாலும் இருக்காது. கைகள் தொடாத ஒரு மேனுவலில் (கைக்கான கட்டை வரிசை) 4 அடியை மட்டும் திறந்து, கப்ளர் மூலம் அதைப் பெடலோடு இணைப்பதே வழி. இரண்டே மேனுவல் உள்ள ஆர்கனில் இங்கேதான் திண்டாட்டம்: இரு கைகளும் மற்ற மேனுவலில் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, தாளம். மெசியான் கர்நாடகத் தாளங்களைக் கையாண்டார் என்கிறது கட்டுரை. அவர் கண்டெடுத்தது நம் 35 சூளாதி தாளங்களை அல்ல; 13-ஆம் நூற்றாண்டின் சார்ங்கதேவர் 'சங்கீத ரத்னாகர'த்தில் பட்டியலிட்ட 120 தேசி தாளங்களை. அதுவும் ஒரு பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியம் வழியாக. அதில் பிறந்த உத்திகளில் ஒன்று, சீராகப் போகும் சொற்கட்டில் ஒரு சின்ன கால மதிப்பைக் கூடுதலாக ஒட்டுவது. நாலு நாலாக எண்ணிப் பழகியவர்கள் அந்த ஒட்டை விழுங்கி, நடையைச் சமமாக்கிவிடுகிறார்கள். பிறகு அது சாதாரண மேற்கத்திய மெட்டுதான். எண்ணிக்கையைத் தாளத் தட்டில் வைக்காமல், ஆகச் சிறிய கால மதிப்பில் வைத்து ஓடவிட்டால் ஒட்டு தப்பாது.

கடைசிப் பகுதியான 'இறைவன் நம்மிடையே' தனியாகவே அதிகம் வாசிக்கப்படுகிறது. அதன் உரத்த ஸ்வரக்கொத்துகளும் பெடல் இறக்கமும் காற்றை ஏகமாகக் குடிக்கும். துருத்தி பலவீனமாக இருந்தால் அழுத்தம் குறைந்து சுருதி தொய்யும். மெசியான் 1931 முதல் 1992 வரை வாசித்த பாரிஸ் திரித்துவ ஆலயத்தின் பெரிய ஆர்கனை (கவாயே-கோல் கட்டியது) மனதில் வைத்து எழுதியதைச் சிறிய ஆர்கனில் வாசிப்பவர்கள், முதலில் 16 அடி ஸ்டாப்புகளைக் குறைத்துப் பார்க்கலாம். தடித்த குழாய்கள்தான் காற்றை அதிகம் இழுக்கும்.

இப்படிக்கு,
ஆலய ஆர்கன் வாசிப்பவர் ஒருவர்