பதிவில் இருப்பது என் சொல்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கம்பு இல்லாமலே வாசல் வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் மனது லேசாகிவிட்டது. அவர்கள் கையால் சொதி சாப்பிட்ட நாக்கு இது. உடனே பதில் எழுதியிருக்க வேண்டும், ஆனால் ஒரு நீண்ட வழக்கில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எந்த மொழியிலும் வாயைத் திறக்கத் தோன்றாது. நேற்றுதான் முடிந்தது. இன்றைக்கு லீவு, வெளியே 41 டிகிரி, இந்தக் கலிஃபோர்னியா ஃப்ரெஸ்னோ வெயில் நம் ஊர் அக்னி நட்சத்திரத்துக்கு ஒன்றும் குறைந்ததில்லை, ஜன்னலைச் சாத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ கேட்டிருந்தாய், "ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தருக்குச் சொல்வதற்கு எதற்கடி பரீட்சை?" என்று. இத்தனை வருஷம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவள் நீ, உன்னிடம் சொன்னால் பாதியிலேயே புரிந்துகொள்வாய். கயல் வேறு ஸ்பானிஷ் படிக்கப் போகிறேன், துபாஷி வேலைக்குப் போகிறேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறாய், அதனால் இதை அவளிடமும் கொடு.

உன் கோர்ட்டில் சாட்சி தமிழில் சொல்கிறார், நீதிபதி அதைக் கேட்டுச் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடிக்கிறார். இங்கே நீதிபதி எதையும் சொல்லி எழுத வைப்பதில்லை. சுருக்கெழுத்து இயந்திரத்தோடு ஒருவர் முன்னால் உட்கார்ந்து, வாயிலிருந்து வருவதை ஒரு சொல் விடாமல் பதிவு செய்வார். ஆனால் ஆங்கிலத்தை மட்டும். கூண்டில் இருப்பவர் ஸ்பானிஷில் பேசும்போது சுருக்கெழுத்துக்காரரின் விரல்கள் நின்றுவிடும், நான் வாயைத் திறந்ததும் மறுபடி ஓடும். பக்கத்தில் இருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றில் ஏதோ செய்யும். அந்த மனிதர் தன் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னது காற்றோடு போய்விட்டது, அப்பீலில் மேல் கோர்ட் நீதிபதிகள் அவருடைய வாக்குமூலம் என்று படிக்கப்போவது நான் தேர்ந்தெடுத்த சொற்களை.

ஜூரியில் ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் இருக்கமாட்டார்களா என்று கேட்பாய். கலிஃபோர்னியாவில் நிறையவே இருப்பார்கள். ஆனால் அவர்களும் சாட்சி சொன்னது காதில் விழுந்தாலும் நான் ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டும். 1991இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஹெர்னாண்டஸ் வழக்கு இதைப் பற்றியதுதான். நியூயார்க்கில் ஓர் அரசு வக்கீல், ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் மொழிபெயர்ப்பாளர் சொல்வதை ஏற்பார்களா என்று சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லி அவர்களை ஜூரியிலிருந்து நீக்கினார், அது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு கிடையாது. என் தவறைக் கண்டுபிடிக்கக்கூடிய நாலு பேரை வெளியே அனுப்பிவிட்டு என்னை மட்டும் நம்பு என்பது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் இதற்கு முன்பு இருந்த நிலைமையை நினைத்தால் இவ்வளவாவது வந்ததே என்று இருக்கும். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து லாங் ஐலண்டுக்குக் கூலி வேலைக்கு வந்த நெக்ரோன் என்பவர் மேல் கொலை வழக்கு. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, அவருடைய வக்கீலுக்கு ஸ்பானிஷ் தெரியாது. அரசுத் தரப்புக்காக வந்திருந்த மொழிபெயர்ப்பாளர், இடைவேளையில் பத்து இருபது நிமிஷம் வந்து, இதுவரை இன்னின்னார் இப்படி இப்படிச் சொன்னார்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார். தன் வாழ்க்கையையே தீர்மானிக்கிற வழக்கில் அந்த ஆள் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறார். 1970இல் மேல் கோர்ட் அது நியாயமான விசாரணையே இல்லை என்று சொன்னது. 1978இல் மத்திய அரசு கோர்ட்டுகளுக்கென்று மொழிபெயர்ப்பாளர் சட்டம் வந்தது, ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்டார், அதிலிருந்து வந்ததுதான் நீ கேட்ட பரீட்சை. எழுத்துத் தேர்வு தாண்டிய பிறகு வாய்மொழித் தேர்வு, சுமார் 45 நிமிஷம், ஐந்து பகுதி, 80 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. காதில் ஹெட்போன் வழியாக ஒரு வக்கீலின் வாதம் நிமிஷத்துக்கு 120 சொல் வேகத்தில் வந்துகொண்டே இருக்கும், நிறுத்த முடியாது, கேட்டுக்கொண்டே ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். குறுக்கு விசாரணைப் பகுதியில் அது 160 வரை போகும். டெல்லியில் எம்.ஏ., பிறகு மெக்சிகோவின் புவேப்லாவில் ஒன்பது வருஷம் குடித்தனம், சந்தையில் பேரம் பேசுவதிலிருந்து சண்டை போடுவது வரை எல்லாம் ஸ்பானிஷில், இருந்தும் முதல் தடவை எனக்குத் தேறவில்லை.

சரி, வேலை எப்படி என்றால், குற்றம் சாட்டப்பட்டவர் காதில் ஒரு சின்ன கருவி இருக்கும், கோர்ட்டில் நடப்பது எல்லாவற்றையும் நான் மைக்கில் முணுமுணுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய வழக்கில் இரண்டு பேர் இருப்போம், அரை மணிக்கு ஒரு தடவையாவது மாற்றிக்கொள்வோம், அதற்கு மேல் போனால் தவறு வருவது எனக்கே தெரியாது. சாட்சி பேசும்போது மட்டும் ஒவ்வொரு பதிலாக நிறுத்திச் சொல்வது. எப்போதும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும், "அவர் சொல்கிறார்" என்பது கிடையாது. அடித்தவன் "நான் அடித்தேன்" என்றால் நானும் "நான் அடித்தேன்". பத்து வயதுப் பெண் தனக்கு நடந்ததைச் சொல்லும்போதும் நான்தான் அந்த "நான்". அன்றைக்கு வீட்டுக்கு வந்து கால் மணி நேரம் குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தேன், ஏன் என்று எனக்கே தெரியவில்லை. சாட்சி கொச்சையாகப் பேசினால் கொச்சையாக, திக்கினால் திக்கலோடு, கெட்ட வார்த்தை என்றால் அதே கனத்தில். அழகுபடுத்தினாலும் பொய்தான்.

ஒரு சொல் படுத்தும் பாட்டைச் சொல்கிறேன். (ஆள், இடம், பொருள் எல்லாம் மாற்றித்தான் சொல்கிறேன், அது இந்த வேலையின் தர்மம்.) இரண்டு தொழிலாளிகளுக்குள் தகராறு, ஒருவர் மண்டையில் சுத்தியல் பட்டுவிட்டது. மற்றவர் கூண்டில் ஏறி, "செ மே சோல்தோ எல் மார்த்தியோ" என்றார். தமிழில் கேட்டால் உனக்கு ஒரு சிக்கலும் இல்லை, "சுத்தியல் கையை விட்டுப் போயிடுச்சு." நம் மொழி மாதிரியே ஸ்பானிஷிலும், பொருள்தான் போகிறது, ஆள் அதற்கு ஆளாகிறான். ஆங்கிலம் அப்படி விடாது, யார் செய்தது என்று கேட்கும். "நான் சுத்தியலை விட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னால் வேண்டுமென்றே விட்டமாதிரி ஆகிவிடும், "வழுக்கியது" என்றால் அவர் சொல்லாத வழுக்கலை நானே சேர்த்து அவரைக் காப்பாற்றியதாகிவிடும். இரண்டு விநாடி. சுத்தியலையே எழுவாயாக வைத்து, அது என்னிடமிருந்து போய்விட்டது என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம் உண்டு, கொஞ்சம் பேச்சுவழக்கு, அதைச் சொன்னேன். ராத்திரி முழுவதும் அதே வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் தவறிய கதையையும் கயல் கேட்க வேண்டும். இன்னொரு வழக்கு, ஒரு சாட்சி "மி கொன்குன்யோ" தன்னோடு வண்டியில் இருந்ததாகச் சொன்னார். வசந்தா, அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு அப்படியொரு சந்தோஷம் வரும், ஏனென்றால் நம் சகலை அது. சம்பந்திக்கும் அவர்களிடம் சொல் இருக்கிறது, கொன்சுவேக்ரோ. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சொல் கிடையாது. அந்தச் சந்தோஷத்தில் யோசிக்காமல் "என் மனைவியின் சகோதரியின் கணவர்" என்று விரித்துச் சொல்லிவிட்டேன். இருபது நிமிஷம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அரசு வக்கீல், "உங்கள் மனைவியின் சகோதரி அப்போது எங்கே இருந்தார்?" என்று கேட்க, சாட்சி முழித்துவிட்டு, "என் பெண்டாட்டிக்கு அக்கா தங்கச்சி யாருமே கிடையாதே" என்றார். வக்கீலின் முகம் மலர்ந்துவிட்டது, பொய்ச் சாட்சியைப் பிடித்துவிட்டோம் என்று. ஜூரியில் ஒரு அம்மா நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. கொன்குன்யோவுக்கு இன்னொரு பொருளும் உண்டு, அண்ணன் மனைவியின் கூடப்பிறந்தவனையும் அப்படிச் சொல்லலாம். எழுந்து நின்றேன். அந்த நேரத்தில் மட்டும் "நான்" என்று சொல்லக்கூடாது, "மொழிபெயர்ப்பாளர் தன் பிழையைத் திருத்திப் பதிவில் ஏற்ற அனுமதி கோருகிறார்" என்றேன். நீதிபதி சாட்சியிடம் உறவை விளக்கச் சொன்னார், அவருடைய அண்ணியின் தம்பிதான் அது. ஜூரியிடம், தவறு மொழிபெயர்ப்பில்தான், சாட்சியிடம் இல்லை என்று நீதிபதியே சொன்னார். அந்தச் சாட்சிக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. ஆனால் அவர் மனைவிக்கு ஒரு தங்கை நிஜமாகவே இருந்திருந்தால், யாருக்கும் தெரியாமல் என் சகலை அப்படியே பதிவில் தங்கியிருப்பார்.

இதைவிடக் கஷ்டமானது, ஸ்பானிஷே தெரியாத ஆளுக்கு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரைப் போட்டுவிடுவது. இந்தப் பள்ளத்தாக்கில் திராட்சையும் பாதாமும் பறிக்க வருகிறவர்களில் நிறையப் பேர் மெக்சிகோவின் வஹாகா மாநிலத்துக்காரர்கள், வீட்டில் மிஷ்தெக்கோ என்ற பழங்குடி மொழி பேசுகிறவர்கள். ஸ்பானிஷ் சந்தைக்குப் போதுமான அளவுக்கு இருக்கும். மெக்சிகோக்காரரா, அப்போது ஸ்பானிஷ்தான் என்று எழுதிவிடுகிறார்கள், யாரும் கேட்பதில்லை. ஒரு தடவை ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் "சீ, செஞோரா" என்கிறார். உரிமைகள் புரிந்ததா, ஆமாம். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா, ஆமாம். பெயர் என்ன, அதற்கும் ஆமாம். எழுந்து, குற்றம் சாட்டப்பட்டவருக்கு மொழி புரியவில்லை என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தோன்றுகிறது என்றேன். இரண்டு வாரம் வாய்தா. மிஷ்தெக்கோவிலும் ஊருக்கு ஊர் பேச்சு வேறு, எந்த ஊர் என்று கேட்டு அந்த ஊர்க்காரர் ஒருவரை வீடியோவில் பிடித்தார்கள். அவர் மிஷ்தெக்கோவிலிருந்து ஸ்பானிஷுக்கு, நான் ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு. ஒரு கேள்வி போய்த் திரும்ப நாலு தடவை வாய் மாறும். ஆனால் அன்றைக்கு அந்த மனிதர் முதல்முறையாக முழு வாக்கியமாகப் பேசினார், குரலே வேறாக இருந்தது.

2008 மே மாதம் அயோவாவில் போஸ்ட்வில் என்ற சின்ன ஊரில் ஓர் இறைச்சிக் கூடத்தில் 389 பேரைப் பிடித்தார்கள், பெரும்பாலும் குவாத்தமாலாக்காரர்கள், மாயன் மொழிக்காரர்களும் நிறைய. கால்நடைக் கண்காட்சி நடத்தும் ஒரு மைதானத்தில் கோர்ட் நடந்தது, பத்துப் பத்துப் பேராகச் சங்கிலியோடு கொண்டுவந்தார்கள். போலி அடையாள எண் வைத்திருந்ததை அடையாளத் திருட்டு என்று வழக்குப் போட்டால் இரண்டு வருஷம் சிறை வரும், அதைவிடச் சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஐந்து மாதம் என்று பேரம். அங்கே மொழிபெயர்க்கப் போயிருந்த எரிக் கமைட்-ஃப்ரெய்ஷாஸ் என்ற பேராசிரியர், அந்த எண் என்றால் என்னவென்றே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை என்று வெளியே சொன்னார், அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னாலும் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்கலாமா என்று எங்களுக்குள் இன்றைக்கும் சண்டை உண்டு. வழக்கு முடிந்த பிறகு பேசினார், எவர் ரகசியத்தையும் விற்கவில்லை, அவர் செய்தது சரி என்பது என் கட்சி. மறுவருஷம் உச்ச நீதிமன்றம், அந்த எண் வேறொருவருடையது என்று தெரிந்திருந்தால்தான் அடையாளத் திருட்டுக் குற்றம் பொருந்தும் என்று சொன்னது. அதற்குள் அவர்கள் தண்டனையை அனுபவித்து முடித்திருந்தார்கள்.

எனக்கு அந்தத் துணிச்சல் வேண்டிய நேரம் இதுவரை வரவில்லை. வருவது சின்னச் சின்ன நேரங்கள்தான். போன மாதம் ஒரு பையன், இருபது வயது இருக்கும், வக்கீல் பேரத்தை விளக்கி முடித்ததும் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க அம்மா, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டான். பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவன் என்னிடம் கேட்டதையே வக்கீலிடம் ஆங்கிலத்தில், அதே "நீங்க சொல்லுங்க அம்மா"வோடு சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கயல் இப்போதே ஒன்று செய்யலாம். தினமும் பத்து நிமிஷம் வானொலிச் செய்தியைப் போட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல இரண்டு சொல் பின்னால் நின்று அப்படியே திருப்பிச் சொல்லிப் பழகட்டும், முதலில் தமிழிலேயே, எண்ணும் பெயரும் ஒன்றுகூட விடாமல். அப்புறம் என்னோடு பேசச் சொல்.

டிசம்பரில் இரண்டு வாரம் வருகிறேன். ஒரு நாள் உன் கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்க வேண்டும், சாட்சி சொல்வதையும் நீதிபதி டைப்பிஸ்ட்டுக்குச் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. எந்த நாளில் நிறைய சாட்சி விசாரணை இருக்கும் என்று பார்த்து எழுது. அன்றைக்கு மத்தியானம் அம்மாவுக்கு முடிந்தால் சொதி.

உன்
செல்வி