சைட்ல பேசுற சொல்லையும் பேப்பர்ல போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வாராவாரம் வர்ற வீடு கட்டுறது பத்தின பக்கத்த வெட்டி எடுத்து வச்சு படிச்சுட்டுத்தான் நாங்க வேலையவே ஆரம்பிச்சோம். லோன், அப்ரூவல், பட்டா எல்லாம் நல்லா எழுதுறீங்க. ஆனா சைட்ல போய் நின்னா கொத்தனாரும் ஆசாரியும் பேசுற சொல்லு ஒண்ணுகூட அந்தப் பக்கத்துல இல்ல. அது தெரியாததால எங்க வீட்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுறேன்.

எங்கப்பா பக்கவாதம் வந்து வீல்சேர்ல இருக்கார். அவருக்காகவே கீழ ஒரு ரூம், கூடவே பாத்ரூம்னு பிளான் போட்டோம். பாத்ரூம் நிலைக்கு, அதான் கதவு மாட்டுற மரச்சட்டத்துக்கு, ஆசாரி அளவு கேட்டப்போ நான் ரெண்டரைக்கு ஏழுன்னு சொன்னேன், ரெண்டரை அடி வழி இருக்கும், வீல்சேர் 26 இன்ச்தானே, தாராளமா போயிரும்னு என் கணக்கு. நிலை நட்டு, சுவர் ஏத்தி, பூசி, டைல்ஸ் ஒட்டி, அப்பாவ கூட்டிட்டு வந்து தள்ளினா சக்கரம் ரெண்டு பக்கமும் மரத்துல இடிச்சு நிக்குது. டேப் வச்சுப் பாத்தா உள்ள இருந்ததே 25 இன்ச்தான். ஆசாரிகிட்ட கேட்டா, "நிலைன்னா வெளியளவு தானம்மா, நீங்க உள்ளளவு வேணும்னு சொல்லலையே"ன்னார். நாலுக்கு ரெண்டரை சட்டம், பக்கத்துக்கு ரெண்டரை இன்ச்னு மொத்தம் அஞ்சு இன்ச்ச மரமே எடுத்துக்கிச்சு. அவர் ஏமாத்தல, அவர் தொழில்ல பேசுறபடி செஞ்சார், எனக்குத்தான் அந்த ஒரு சொல்லு தெரியல. நிலைய பேத்து எடுத்து மூணடி நிலை வைக்கிற வரைக்கும் அப்பாவ கட்டில்ல வச்சே துணி நனைச்சு தொடச்சுவிட்டோம். குளிக்கணும்னு அவர் கையக் காட்டுறப்போல்லாம் எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க.

அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு சொல்லா கேக்க ஆரம்பிச்சேன். கம்பி கட்டுறவர் "நாலு நூல் கம்பி"ன்னார், எனக்கு கயிறு கட்டுற நூல்தான் தெரியும். எட்டு நூல் ஒரு இன்ச்சாம். நாலு நூல்னா அரை இன்ச், கடையில 12 எம்எம்னு கேக்கணும், மூணு நூல்னா 10 எம்எம், அஞ்சு நூல்னா 16. பில்லு எம்எம்ல வரும், பேச்சு நூல்ல நடக்கும், நடுவுல நிக்கிற வீட்டுக்காரங்க தலைய ஆட்டிட்டு நிக்கணும். தூக்குக்குண்ட தொங்கவிட்டு "சுவர் ரெண்டு நூல் வெளிய தள்ளியிருக்கு"ன்னு மேஸ்திரி சொன்னா அது கால் இன்ச் சாய்வு, இது தெரிஞ்சா அப்பவே பிரிச்சுக் கட்டச் சொல்லலாம், பூசினப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது.

பேஸ்மட்டம்னு ஒண்ணு. இங்கிலீஷ்ல பேஸ்மென்ட்னா தரைக்குக் கீழ இருக்குற தளம், நம்ம கொத்தனார் வாயில அது தரைக்கு மேல கட்டி மண்ணு ரொப்புற மேடை. மூணடி பேஸ்மட்டம்னு பேசினோம், எங்க இருந்து மூணடின்னு பேசல. எங்க இடம் ரோட்ட விட பள்ளம், அவங்க பள்ளத்துல இருந்து அளந்துட்டாங்க, இப்ப ரோட்டுக்கு மேல ரெண்டடிகூட நிக்கல, அடுத்த தடவை ரோடு போட்டா இன்னும் குறையும்.

கூலி பேசுறப்போ சதுரம்னா நூறு சதுர அடி, எம்சாண்ட் யூனிட்னா நூறு கன அடி, இது பல பேருக்குத் தெரியும். ஆனா போர்டிகோவும் மொட்டமாடிப் படி ரூமும் அந்தச் சதுரத்துல சேருமா, அரைக் கணக்கான்னு முன்னாடியே கேக்கணும்னு யாரும் சொல்றதில்ல. எம்சாண்ட் லாரி வந்தா நீளம் அகலம் உயரம் அளந்து பெருக்கிப் பாக்கலாம், அதுக்கு சங்கடப்படவே வேண்டாம்.

மணியாஸ் கட்டை, ரசமட்டம், மூலமட்டம், கழுந்து, நாதாங்கின்னு இந்தத் தொழில்ல அவ்வளவு சொல்லு இருக்கு. எங்க ஆசாரி மரம் சீவுற இழைப்புளிய ஓட்டிக்கிட்டே கழுந்துன்னா என்னன்னு காட்டினார், சட்டத்தோட முனைய நாக்கு மாதிரி செதுக்கி அடுத்த சட்டத்துல இருக்குற துளையில இறக்குனார், ஆணியே இல்லாம ரெண்டும் கவ்வி நின்னுச்சு. அவர் பையன் வேற வேலைக்குப் போயிட்டானாம்.

வாரத்துக்கு ஒரு சொல்லு, பக்கத்துல ஒரு சின்னப் படம், அதுக்கு சைட்ல என்ன அர்த்தம், வீட்டுக்காரங்க என்ன கேக்கணும், அவ்வளவு போதும். அகராதியப் பாத்து எழுதாம வேலை செய்றவங்ககிட்டயே கேட்டு எழுதுங்க, மதுரையில ஒரு மாதிரி கோயம்புத்தூர்ல ஒரு மாதிரி சொல்றாங்கன்னா ரெண்டையும் போடுங்க. முதல் வாரம் நிலையோட உள்ளளவு வெளியளவுல இருந்து ஆரம்பிச்சா ரொம்ப நல்லது, வயசானவங்கள வச்சுக்கிட்டு வீடு கட்டிட்டு இருக்குறவங்க இப்பவே யாராவது நிலைக்கு அளவு சொல்லிட்டு இருப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேனி.